பணவீக்கம் குறைஞ்சு போச்சு எண்டு செய்தி சொல்லுது. பிறகேன் கடையில விலை குறையேல்லை?

பிரித்தானியாவுக்குப் புதிதாக வந்து தஞ்சம் கோரியிருக்கும் பலர் எமது ஆலோசனை நேரத்தில் கேட்கும் கேள்வி இது. தொலைக்காட்சியிலும் பேப்பரிலும் "பணவீக்கம் இறங்கியது" என்று பெரிய எழுத்தில் வருகிறது. கடைக்குப் போனால் போன மாதம் வாங்கிய எண்ணெய் அதே விலை, அல்லது கூட விலை. "செய்தி பொய்யோ, இல்லாட்டி கடைக்காரர் ஏமாத்துறாரோ?" என்று கேட்கிறார்கள்.

இரண்டும் இல்லை. பணவீக்கம் என்ற சொல்லை நாங்கள் விளங்கிக் கொள்ளும் விதத்தில்தான் சிக்கல் இருக்கிறது. வாரத்துக்கு ஒரு குறிப்பிட்ட தொகையில் வாழும் ஒருவருக்கு இதைத் தெரிந்து வைத்திருப்பது மிகவும் அவசியம். உங்கள் கையில் வரும் பணம் போதுமா, ஏன் போதவில்லை, அதைக் கூட்டுவது யார் என்பதெல்லாம் இந்தக் கணக்கோடு தொடர்புபட்டவை.

பணவீக்கம் என்றால் என்ன?

பணவீக்கம் என்பது விலை அல்ல. விலை ஏறுகிற வேகம். போன வருடம் இதே மாதத்தில் இருந்த விலையோடு இந்த வருட விலையை ஒப்பிட்டு, நூற்றுக்கு எவ்வளவு கூடியிருக்கிறது என்று பார்க்கிறார்கள்.

ஒரு பேச்சுக்கு, உங்கள் வாரச் சாமான் 20 பவுண் என்று வைப்போம். முதல் வருடம் பணவீக்கம் 10 சதவீதம் என்றால் அதே சாமான் 22 பவுண். அடுத்த வருடம் 5 சதவீதம் என்றால் 23 பவுண் 10 பென்ஸ். மூன்றாம் வருடம் 2 சதவீதம் என்றால் 23 பவுண் 56 பென்ஸ். பணவீக்கம் 10 இலிருந்து 2 ஆக இறங்கிவிட்டது, செய்தியும் நல்ல செய்திதான். ஆனால் 20 பவுணுக்கு வாங்கிய சாமானுக்கு நீங்கள் இன்னும் 23.56 கொடுக்க வேண்டும். மாடிப்படியில் வேகமாக ஏறியவர் இப்போது மெதுவாக ஏறுகிறார், அவ்வளவுதான். அவர் கீழே இறங்கி வரவில்லை.

இலங்கையில் இருந்து வந்தவர்கள் இதை நேரிலேயே கண்டிருக்கிறீர்கள். 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். சரியாக ஒரு வருடம் கழித்து, 2023 செப்டம்பரில், அது 1.3 சதவீதமாக இறங்கியது. அரிசியும் பருப்பும் பால்மாவும் பழைய விலைக்குப் போனதா? போகவில்லை. 100 ரூபாய்க்கு வாங்கிய சாமான் முதலில் 169.80 ஆனது. அதற்கு மேல் 1.3 சதவீதம் ஏறி 172 ரூபாயாக நின்றது.

விலை உண்மையாகவே குறைந்தால் பணவீக்கம் பூச்சியத்துக்குக் கீழே போகும். அதுவும் இலங்கையில் நடந்தது. மின்கட்டணமும் எரிபொருள் விலையும் குறைக்கப்பட்டதால் 2024 செப்டம்பரில் பணவீக்கம் மைனஸ் 0.5 சதவீதம் ஆனது. அப்போதும் அந்த 172 ரூபாய் சாமான் சுமார் 171 ரூபாய்க்குத்தான் வந்தது. 100 ரூபாய்க்குத் திரும்பவில்லை.

பிரித்தானியாவின் கதையும் இதேதான், அளவு மட்டும் சிறியது. 2022 ஒக்டோபரில் இங்கு பணவீக்கம் 11.1 சதவீதம். நாற்பது வருடங்களில் அவ்வளவு உயர்ந்ததில்லை. உணவுப் பொருட்களை மட்டும் எடுத்தால், 2023 மார்ச்சில் ஏற்றம் 19 சதவீதத்தைத் தாண்டியது. 2024 மே மாதம் பொதுப் பணவீக்கம் 2 சதவீதத்துக்கு வந்தது. பிறகு மறுபடி கூடி 2025 செப்டம்பரில் 3.8 சதவீதமாக இருந்தது. இந்த ஏற்ற இறக்கம் முழுவதிலும் விலைகள் ஒரு பக்கம்தான் போயிருக்கின்றன, மேலே.

இந்தக் கணக்கை யார் எடுக்கிறார்கள்?

தேசிய புள்ளிவிபர அலுவலகம் என்ற அரச அமைப்பு. சாதாரணக் குடும்பங்கள் வாங்குகிற சுமார் 700க்கு மேற்பட்ட பொருட்களையும் சேவைகளையும் ஒரு பட்டியலாக வைத்திருக்கிறார்கள். இதைப் பேச்சில் "கூடை" என்று சொல்வார்கள். பாண், பால், உடுப்பு, பஸ் கட்டணம், வீட்டு வாடகை, விமானச் சீட்டு, உணவக உணவு எல்லாம் அந்தக் கூடைக்குள் இருக்கிறது. ஆட்கள் வாங்குகிற சாமான்கள் மாற மாற, ஒவ்வொரு வருடமும் பட்டியலையும் மாற்றுவார்கள்.

ஆனால் இந்தக் கூடை உங்கள் கூடை இல்லை. நாட்டுச் சராசரிக் கூடை. அதில் வீட்டில் சமைக்கும் உணவுக்கும் குடிபானத்துக்கும் நூற்றில் 11, 12 பங்குதான். மிச்சம் கார், சுற்றுலா, உணவகம், தளபாடம், வாடகை என்று போகிறது. தஞ்சம் கோரி ஒரு வீட்டில் தங்கியிருப்பவர் விடுமுறைக்குப் போவதில்லை, கார் வாங்குவதில்லை. கையில் வருவதில் பெரும் பங்கு சாப்பாட்டுக்கே போகிறது. ஆகவே உணவு விலை மற்றவற்றை விட வேகமாக ஏறும்போது, செய்தியில் சொல்லும் எண்ணை விட உங்கள் கையில் சுடுகிற பணவீக்கம் கூட. 2025 ஓகஸ்டில் பொதுப் பணவீக்கம் 3.8 ஆக இருந்தபோது உணவுப் பணவீக்கம் 5.1 சதவீதம்.

இதிலும் இன்னொரு படி உண்டு. ஏற்கனவே மிக மலிவான சாமானைத்தான் வாங்குகிறீர்கள் என்றால், விலை ஏறும்போது அதைவிட மலிவான ஒன்றுக்கு மாற வழி இல்லை. 2022 ஜனவரியில் ஜாக் மன்றோ என்ற உணவு எழுத்தாளர், ஏழைகள் வாங்கும் சாமானின் விலையேற்றம் சராசரிக் கணக்குக்குள் மறைந்து போகிறது என்று பகிரங்கமாகக் கேள்வி எழுப்பினார். அதன் பிறகு புள்ளிவிபர அலுவலகம் மிக மலிவான 30 மளிகைச் சாமான்களைத் தனியாக எடுத்துப் பார்த்தது. 2022 செப்டம்பர் வரையான ஒரு வருடத்தில் அவை சராசரியாக 17 சதவீதம் கூடியிருந்தன. மரக்கறி எண்ணெய் 65 சதவீதம், பாஸ்தா 60 சதவீதம், தேயிலை 46 சதவீதம். அதே நேரம் ஒரேஞ்சு ஜூஸ், அரைத்த மாட்டிறைச்சி போன்ற ஒரு சில சாமான்கள் குறைந்தும் இருந்தன.

ஆகவே "எனக்கு மட்டும்தான் காணாமல் வருதோ, நான்தான் செலவழிக்கத் தெரியாமல் செலவழிக்கிறனோ" என்று நினைத்து மனம் குழம்பாதீர்கள். எண்ணெயும் பருப்பும் அரிசியும்தான் உங்கள் கூடை என்றால், உங்களுக்குக் கூடியது சராசரி ஆளுக்குக் கூடியதை விட அதிகமாக இருக்கலாம்.

விலை ஏன் ஏறுகிறது?

பிரித்தானியா சாப்பிடும் உணவில் சுமார் 40 சதவீதம் வெளிநாட்டில் இருந்து வருகிறது. அதனால் எங்கோ நடக்கும் யுத்தமும் ஒரு அரசாங்கம் போடும் தடையும் எங்கட சட்டிக்குள் வந்து நிற்கும். எல்லாருக்கும் தெரிந்த மூன்று உதாரணங்களைப் பார்ப்போம்.

முதலாவது, எண்ணெய். சூரியகாந்தி எண்ணெயை உலகில் மிக அதிகமாக ஏற்றுமதி செய்த நாடு உக்ரைன். 2022 பெப்ரவரியில் ரஷ்யா அங்கே யுத்தத்தைத் தொடங்கியதும் கப்பல்கள் நின்றன. ஏப்ரலில் இங்குள்ள பெரிய சுப்பர்மார்க்கெட்டுகள் சில, ஒருவருக்கு இரண்டு அல்லது மூன்று போத்தல்தான் என்று கட்டுப்பாடு போட்டன. அதே மாதக் கடைசியில் இந்தோனேசியா தன் நாட்டு விலையைக் கட்டுப்படுத்த பாம் எண்ணெய் ஏற்றுமதியைச் சில வாரங்களுக்கு நிறுத்தியது. ஒரு எண்ணெய் தட்டுப்பட்டால் எல்லாரும் மற்ற எண்ணெயைத் தேடுவார்கள், அதனால் எல்லா எண்ணெயும் ஏறும்.

இரண்டாவது, அரிசி. உலகச் சந்தைக்கு வரும் அரிசியில் சுமார் 40 சதவீதம் இந்தியாவினுடையது. 2023 ஜூலையில் இந்திய அரசாங்கம் பாஸ்மதி அல்லாத வெள்ளைப் பச்சை அரிசி ஏற்றுமதியைத் தடை செய்தது. அடுத்த மாதம் புழுங்கல் அரிசிக்கு 20 சதவீத ஏற்றுமதி வரி போட்டது. அந்த ஓகஸ்டில் உலக அரிசி விலைச் சுட்டெண் 15 வருடங்களில் மிக உயர்ந்த இடத்துக்குப் போனது. தமிழ்க் கடையில் பொன்னி அரிசிப் பை விலை ஏறினால் அதற்கு லண்டனில் காரணம் தேட வேண்டாம். 2024 செப்டம்பர் கடைசியில் அந்தத் தடை நீக்கப்பட்டது.

மூன்றாவது, பவுணின் பெறுமதி. வெளிநாட்டுச் சாமானுக்கு பெரும்பாலும் டொலரில் காசு கட்ட வேண்டும். பவுண் விழுந்தால் அதே சாமானுக்குக் கூடப் பவுண் தேவை. 2022 செப்டம்பர் 23ஆம் திகதி அப்போதைய அரசாங்கம் எங்கிருந்து காசு வரும் என்று சொல்லாமல் பெரிய வரிக்குறைப்பை அறிவித்தது. மூன்று நாளில் பவுண் ஏறக்குறைய 1.03 டொலருக்கு விழுந்தது. அதற்கு முன் அவ்வளவு கீழே போனதில்லை. ரூபாய் விழுந்தபோது ஊரில் கப்பலில் வந்த சாமான் எல்லாம் ஏறியதை நினைத்துப் பாருங்கள். அதே காரணம்தான்.

வட்டி வீதம் கூடுகிறது, குறைகிறது என்கிறார்களே?

இங்கிலாந்து வங்கி என்பது இந்த நாட்டின் மத்திய வங்கி. பணவீக்கத்தை 2 சதவீதத்துக்கு அருகில் வைத்திருப்பது அதற்கு அரசாங்கம் கொடுத்திருக்கும் பொறுப்பு. 1997 முதல் வட்டி வீதத்தை அமைச்சர் தீர்மானிப்பதில்லை. வங்கியில் உள்ள ஒன்பது பேர் கொண்ட குழு வாக்களித்துத் தீர்மானிக்கிறது.

விலை வேகமாக ஏறினால் வட்டியைக் கூட்டுவார்கள். கடன் எடுப்பது செலவாகும், ஆட்கள் குறைவாகச் செலவழிப்பார்கள், கடைக்காரரும் விலையை ஏற்றத் தயங்குவார் என்பது கணக்கு. 2021 டிசம்பர் தொடக்கத்தில் 0.1 சதவீதமாக இருந்த வட்டி, தொடர்ந்து 14 தடவை கூட்டப்பட்டு 2023 ஓகஸ்டில் 5.25 சதவீதமானது. 2024 ஓகஸ்டில்தான் குறைக்கத் தொடங்கினார்கள்.

இது சரியான மருந்தா என்று இங்கே பொருளாதார அறிஞர்கள் இடையே பெரிய வாதம் உண்டு. வட்டியைக் கூட்டினால் உக்ரைனில் இருந்து எண்ணெய்க் கப்பல் வந்துவிடாது, ஏற்கனவே கஷ்டப்படுகிறவருக்குத்தான் அடி விழும் என்று ஒரு பகுதியினர் சொல்கிறார்கள். கூட்டாமல் விட்டால் சம்பளமும் விலையும் ஒன்றையொன்று துரத்தி ஏறும், பிறகு இன்னும் கஷ்டம் என்று மறுபகுதியினர் சொல்கிறார்கள்.

உங்களுக்கு இதில் நேரடியாக இப்போது ஒன்றும் இல்லை, ஏனென்றால் உங்களுக்கு இங்கே வங்கிக் கடனும் இல்லை, வீட்டுக் கடனும் இல்லை. ஆனால் அகதி அந்தஸ்து கிடைத்ததும் சொந்தமாக வாடகைக்கு வீடு தேட வேண்டி வரும். வீட்டுக்காரரின் கடன் வட்டி கூடினால் வாடகையிலும் அது வந்து நிற்கலாம். அப்போது இந்தச் செய்தி உங்கள் செய்தியாகிவிடும்.

உங்கள் வாராந்தப் பணம் எப்படித் தீர்மானிக்கப்படுகிறது?

இதைக் கொஞ்சம் கவனமாக வாசியுங்கள். வேலையில்லாதோருக்கும் குறைந்த வருமானக்காரருக்கும் கொடுக்கப்படும் யுனிவேர்சல் கிரெடிட் போன்ற உதவிப் பணங்கள் வழக்கமாக ஒவ்வொரு ஏப்ரலும் கூட்டப்படும். அதற்கு முந்திய செப்டம்பர் மாதப் பணவீக்கத்தைக் கொண்டு கணக்கிடுவார்கள். 2022 செப்டம்பரில் பணவீக்கம் 10.1 சதவீதமாக இருந்ததால் 2023 ஏப்ரலில் அவை 10.1 சதவீதம் கூட்டப்பட்டன.

தஞ்சம் கோருவோருக்கான பணம் அப்படித் தானாகக் கூடுவதில்லை. உள்துறை அமைச்சு தானே பரிசீலனை செய்து தீர்மானிக்கும். மிகக் குறைந்த வருமானமுள்ள பத்தில் ஒரு பங்குக் குடும்பங்கள் அத்தியாவசியத் தேவைக்கு எவ்வளவு செலவழிக்கின்றன என்ற புள்ளிவிபரத்தையும், அமைச்சு தானே கடைகளில் எடுக்கும் விலைகளையும் பார்ப்பார்கள்.

தனியே சமைத்துச் சாப்பிடும் வீட்டில் இருப்பவருக்கு ஆளுக்கு ஒரு வாரத்துக்குக் கிடைத்த தொகை இப்படி மாறி வந்திருக்கிறது:

2018இல் 37.75 பவுண்
2020 ஜூனில் 39.60 பவுண்
2021இல் 39.63 பவுண். கூட்டியது 3 பென்ஸ்
2022 பெப்ரவரியில் 40.85 பவுண்
2022 டிசம்பரில் 45 பவுண்
2023 ஜூலையில் 47.39 பவுண்
2024 ஜனவரியில் 49.18 பவுண்

2022இல் நடந்ததைப் பாருங்கள். விலை மிக வேகமாக ஏறிய அந்த வருடம் பெப்ரவரியில் இருந்து டிசம்பர் வரை தொகை 40.85 ஆகவே இருந்தது. 45 பவுண் தேவை என்று அமைச்சின் அதிகாரிகளே ஆலோசனை கொடுத்திருந்தார்கள். 40.85க்கு 10.1 சதவீதம் கூட்டிப் பாருங்கள், 44.98 வரும். ஆனாலும் தொகை உயரவில்லை. தஞ்சம் கோரிய ஒரு பெண் வழக்குப் போட்டார். 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அமைச்சர் சட்டத்துக்கு மாறாக நடந்தார் என்று தீர்ப்பளித்தது. சில நாட்களில் தொகை 45 பவுண் ஆனது.

நாங்கள் இதைச் சொல்வது வழக்குப் போடச் சொல்லி அல்ல. இந்தப் பணம் யாரோ மனமிரங்கிக் கொடுக்கும் தர்மம் அல்ல, அத்தியாவசியத் தேவைக்குப் போதுமானதாக இருக்க வேண்டும் என்று சட்டத்தில் உள்ள ஒன்று. கேள்வி கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அப்படிக் கேட்ட ஒருவரால் ஆயிரக்கணக்கானவர்களுக்குத் தொகை கூடியது.

தொகை மாறாமல் இருக்கும் காலத்தில் என்ன நடக்கிறது? ஒரு வருடத்தில் விலை 3.8 சதவீதம் கூடினால், 49.18 பவுணுக்கு நீங்கள் வாங்கக்கூடியது ஒரு வருடத்துக்கு முன் 47.38 பவுணுக்கு வாங்கியதுதான். ஒவ்வொரு வாரமும் 1 பவுண் 80 பென்ஸ் ஒருவரும் எடுக்காமலே போய்விடுகிறது.

சாப்பாடு தரும் ஹோட்டலில் இருப்பவர்களுக்குத் தொகை வேறு, மிகக் குறைவு. 2023 ஜூலையில் வாரம் 9.58 பவுணாக இருந்தது, 2024 ஜனவரியில் 8.86 பவுணாகக் குறைக்கப்பட்டது. மற்றவர்களுக்குக் கூட்டிய அதே மாதம் இவர்களுக்குக் குறைத்தார்கள். பின்னர் 9.95 பவுணாக உயர்த்தப்பட்டது. தொகைகள் மாறக்கூடியவை. உங்களுக்கு இன்று பொருந்தும் தொகை உங்கள் கடிதத்தில் இருக்கும். கடிதத்தில் உள்ளதும் அஸ்பென் கார்ட்டில் வருவதும் ஒன்றா என்று சரிபாருங்கள்.

"அகதிகளுக்கு ஒரு நாளைக்கு மில்லியன் கணக்கில் செலவு" என்று பேப்பரில் வருவதைக் கண்டிருப்பீர்கள். பஸ்ஸில், கடையில் யாராவது அதைச் சொல்லி உங்கள் மனதை நோகடிக்கவும் கூடும். அந்தக் காசு உங்கள் கைக்கு வருவதில்லை. தங்குமிட ஒப்பந்தங்களை 2019 முதல் வைத்திருப்பவை மூன்று தனியார் நிறுவனங்கள். அந்தச் செலவின் பெரும் பகுதி அந்த நிறுவனங்கள் ஊடாக ஹோட்டல்களுக்கும் வீட்டுச் சொந்தக்காரருக்கும் போகிறது. 49.18 பவுணை ஏழால் பிரித்தால் ஒரு நாளைக்கு 7 பவுண் 3 பென்ஸ். உங்கள் கையில் வருவது அதுதான்.

ஊருக்குக் காசு அனுப்புவது

பலர் பெரிய கடன் பட்டு வந்திருக்கிறீர்கள். ஊரில் நகை அடகில், காணி ஈட்டில் இருக்கிறது. மாதாமாதம் வட்டி ஏறுகிறது. அதனால் சாப்பாட்டைக் குறைத்து மிச்சம் பிடித்து அனுப்பும் எண்ணம் வருவது இயற்கை.

நாணய மாற்று வீதத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு அமெரிக்க டொலருக்கு ஏறக்குறைய 200 ரூபாய். அதே வருடம் மே மாதம் 360 ரூபாய். பவுணுக்கும் அப்படியே கூடியது. "இப்ப அனுப்பினா ஊரில நிறையக் காசு" என்று தோன்றியது. ஆனால் அதே காலத்தில் அங்கே சாமான் விலையும் ஏறியதால் அந்தக் கூடின ரூபாய்க்கு வாங்கக்கூடியது அவ்வளவு கூடவில்லை. பழைய ரூபாய்க் கடனை அடைக்கும்போது மட்டும்தான் அது உண்மையில் உதவும்.

இன்னொன்று. இந்தப் பணம் இங்கே உங்கள் சாப்பாட்டுக்கும் உடுப்புக்கும் என்று கொடுக்கப்படுவது. தொடர்ந்து வெளிநாட்டுக்குக் காசு போனால், உங்களிடம் வேறு வருமானம் இருக்கிறதா என்ற கேள்வி வரலாம். உறவினர் உங்களுக்குக் காசு தந்தால் அதையும் அறிவிக்க வேண்டி இருக்கும். அனுமதி இல்லாமல் கைக்காசுக்கு வேலை செய்வது உங்கள் வழக்கையே பாதிக்கும். தஞ்சக் கோரிக்கைக்கு 12 மாதத்துக்கு மேல் முடிவு வராவிட்டால், சில நிபந்தனைகளுடன் வேலை அனுமதி கேட்கலாம். இது பற்றி உங்கள் சட்டத்தரணியிடம் கேட்காமல் ஒரு முடிவும் எடுக்க வேண்டாம்.

கடைக்குப் போகும்போது

விலையை நாங்கள் இறக்க முடியாது. ஆனால் கையில் உள்ளதைக் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கலாம்.

1. தட்டில் உள்ள சிறிய எழுத்தைப் பாருங்கள். சுப்பர்மார்க்கெட்டில் விலைச் சீட்டின் மூலையில் ஒரு கிலோவுக்கு அல்லது 100 கிராமுக்கு எவ்வளவு என்று போட்டிருப்பார்கள். பக்கெட்டின் விலையை விட்டு அதை ஒப்பிடுங்கள். சில நிறுவனங்கள் விலையைக் கூட்டாமல் பக்கெட்டுக்குள் உள்ள நிறையைக் குறைக்கின்றன. அதையும் இந்தச் சிறிய எழுத்து காட்டிக்கொடுக்கும்.

2. பெரிய பை மலிவு, ஆனால் ஒரே தடவையில் அவ்வளவு காசு இருக்காது. ஒரே வீட்டில் இருப்பவர்கள் சேர்ந்து 10 கிலோ அரிசி, 5 லீற்றர் எண்ணெய் வாங்கிப் பங்கு போடுங்கள். கணக்கைக் கொப்பியில் எழுதி வையுங்கள். காசால் வருகிற மனஸ்தாபம் பெரிது.

3. கடையின் சொந்தப் பெயரில் உள்ள சாமானை வாங்கிப் பாருங்கள். உப்பு, சீனி, மா, ரின் தக்காளி போன்றவற்றில் விளம்பரப் பெயருக்குத்தான் கூட விலை.

4. சில கடைகளில் அங்கத்துவ அட்டை உள்ளவர்களுக்கு ஒரு விலை, இல்லாதவர்களுக்கு வேறு விலை. அட்டை இலவசம். ஆனால் அட்டை விலை என்றாலே மலிவு என்று நினைக்காமல் பக்கத்துக் கடை விலையையும் பாருங்கள்.

5. மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிய சாமான் அன்றோ மறுநாளோ திகதி முடிகிறது என்பதால் விலை குறைத்தது. பெரும்பாலும் பின்னேரம்தான் ஒட்டுவார்கள். பாணையும் இறைச்சியையும் வாங்கி உடனே உறைபெட்டியில் வைக்கலாம்.

6. வற் வரி கடையில் போட்டிருக்கும் விலைக்குள்ளேயே இருக்கிறது, தனியாகக் கேட்கமாட்டார்கள். அரிசி, மா, மரக்கறி, பால், பழம், இறைச்சி, சிறுபிள்ளைகளின் உடுப்பு என்பவற்றுக்கு இந்த வரி பூச்சியம். கிறிஸ்ப்ஸ், இனிப்புகள், ஐஸ்கிறீம், சூடாக விற்கும் கடைச் சாப்பாடு என்பவற்றுக்கு 20 சதவீதம். சமைத்துச் சாப்பிடுவது மலிவாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

7. கேட்டால் கிடைப்பதைக் கேளுங்கள். உதவிப் பணம் பெறும் கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் வாராவாரம் மேலதிகத் தொகை உண்டு. பிரசவத்துக்கு ஒரு தடவை 300 பவுண் உதவியும் உண்டு. அதற்குக் குறிப்பிட்ட காலத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பிள்ளைகளுக்குப் பாடசாலையில் இலவச மதியச் சாப்பாடு கேட்கலாம். இங்கிலாந்தில் மருந்துச் சீட்டுக்குக் காசு கட்டாமல் இருக்க எச்சீ2 சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் எல்லாருக்கும் இலவசம்.

8. உணவு வங்கிக்குப் போக வெட்கப்பட வேண்டாம். பல இடங்களில் ஒரு பரிந்துரைச் சீட்டு வேண்டும். அதை எமது அலுவலகத்தில் பெறலாம். கோயில் அன்னதானமும் சீக்கியரின் குருத்வாராச் சாப்பாடும் யார் வந்தாலும் கேள்வி கேட்காமல் கொடுக்கப்படுபவை.

செய்தியில் வரும் சில சொற்கள்

பணவீக்கம்: ஒரு வருடத்தில் விலை ஏறிய வேகம். குறைந்தால் மெதுவாக ஏறுகிறது என்று அர்த்தம்.

அடிப்படை வட்டி வீதம்: இங்கிலாந்து வங்கி தீர்மானிக்கும் வட்டி. மற்ற வங்கிகள் இதைப் பார்த்துத் தங்கள் வட்டியை வைக்கும்.

எரிசக்தி விலை உச்சவரம்பு: கேஸ், கரண்ட் கம்பனிகள் ஒரு அலகுக்கு இதற்கு மேல் எடுக்கக் கூடாது என்று ஒவ்ஜெம் என்ற அமைப்பு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் எல்லை. மொத்த பில்லுக்கு எல்லை இல்லை, கூடப் பாவித்தால் பில் கூடும். அமைச்சு தந்த வீட்டில் இருக்கும்வரை இந்த பில் வழக்கமாக உங்களுக்கு வராது. உங்கள் பெயருக்கு வந்தால் கட்டாமல் எங்களிடம் கொண்டுவாருங்கள்.

வரவு செலவுத் திட்டம்: அரசாங்கம் அடுத்த வருடத்துக்கான வரியையும் செலவையும் அறிவிப்பது. தஞ்சம் கோருவோரின் வாராந்தத் தொகை வழக்கமாக இதில் அறிவிக்கப்படுவதில்லை. அது உள்துறை அமைச்சில் இருந்து தனியாக வரும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கார்ட்டில் காசு வராமல் விட்டாலோ, குறைவாக வந்தாலோ, அடுத்த வாரம் சரிவரும் என்று பட்டினி கிடக்க வேண்டாம். உடனே மைக்ரன்ட் ஹெல்ப் நிறுவனத்தின் இலவசத் தொலைபேசிக்கு அழையுங்கள், இலக்கம் உங்கள் கடிதத்தில் இருக்கும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லலாம், அதற்குக் காசு இல்லை. அழைத்த திகதியையும் நேரத்தையும் எழுதி வையுங்கள். சரிவரவில்லை என்றால் அந்தக் குறிப்போடும் கடிதத்தோடும் எமது ஆலோசனை நேரத்துக்கு வாருங்கள். உங்களோடு இருந்து நாங்களே எடுத்துக் கதைப்போம்.